லாரி மோதிய கணத்தைப் படிப்பவர் யார்?

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38 காரியாபட்டியைத் தாண்டியதும் கரிசல் பூமிக்குள் நுழைகிறது. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் துறைமுகம் வரை நான்கு வழிச் சாலை. கன்டெய்னர் டிரெய்லர்களும் நிலக்கரி, உரம் ஏற்றிய டாரஸ் லாரிகளும் இரவு பகல் பாராமல் ஓடுகிற பாதை இது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், காரியாபட்டிப் பக்கம் கல்குவாரியும் கிரஷரும், திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல விறகும் மூட்டம் போட்டு எடுத்த கரியும். எல்லாமே லாரி ஏறித்தான் வெளியே போக வேண்டும். மழை பொய்த்து மானாவாரி வெள்ளாமை கைவிட்ட வருஷங்களில் இந்த வட்டாரத்து ஆண்கள் பலருக்குச் சோறு போட்டது ஸ்டியரிங். லாரி ஓட்டுகிறவரும், அதே சாலையில் டூவீலரில் போய் அந்த லாரியில் அடிபடுகிறவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பது இங்கே வழக்கம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இந்தக் கணக்கைத் தரும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை, அந்த ஆண்டு நாடு முழுக்க நேர்ந்த சாலை மரணங்களில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது. அந்த வேகத்தை அளந்தது யார் என்று கேட்டால் பெரும்பாலான விபத்துகளில் பதில் கிடையாது. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வாசகம் ஒவ்வொரு முதல் தகவல் அறிக்கையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புள்ளிவிவரத்தோடு அது நின்றுபோனால் பெரிய நஷ்டமில்லை. கால் இழந்தவருக்கும் கணவனை இழந்தவளுக்கும் கிடைக்கப்போகிற இழப்பீடும் அதே வாசகத்தின் மேல்தான் நிற்கிறது.

திருச்சுழிக்காரர் ஒருவர் லாரியில் அடிபட்டு இழப்பீடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி அவர் மனுப் போட வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நடைமுறையில் அது அருப்புக்கோட்டைச் சார்பு நீதிமன்றம். அல்லது விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர். மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வக்கீல் கட்டிவைக்கும் கட்டில் எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, குற்றப்பத்திரிகை ஆகியவை இருக்கும். மோதல் எப்படி நடந்தது என்பதற்கு இதில் உள்ள சாட்சியம் முதல் நான்கு தாள்கள்தான்.

அந்த மாதிரி வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு இணைகோடுகள், அதுதான் சாலை. ஒரு முனையில் 'அருப்புக்கோட்டைக்கு', மறுமுனையில் 'திருச்சுழிக்கு' என்று அம்புக்குறி. நடுவே ஒரு பெருக்கல் குறி, மோதிய இடம். ஓரத்தில் ஒரு புளியமரமோ பாலமோ. பெரும்பாலும் அளவுகோல் கிடையாது. வண்டிகள் மோதிய பின் எவ்வளவு தூரம் போய் நின்றன, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, கண்ணாடித் தூள் எந்தப் பாதியில் சிதறிக் கிடந்தது என்பதெல்லாம் அதில் ஏறுவது அபூர்வம். ஆனால் ஐந்து வருஷம் கழித்து, லாரி ரோட்டின் எந்தப் பக்கம் வந்தது என்று மதுரைக் கிளையில் இரண்டு வக்கீல்கள் வாதாடும்போது, நீதிபதி விரித்துப் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

அடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. ஊரில் அவரை இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். காவல் நிலையத்துக்கு இழுத்துவந்து நிறுத்திய வண்டியை அவர் பார்க்கிறார். நசுங்கிய இடங்களைக் குறிக்கிறார், பிரேக் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார், இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. வண்டியில் பழுது இருந்ததா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. மோதல் எப்படி நடந்தது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆய்வு முடிந்த 24 மணி நேரத்துக்குள் வண்டியை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று 136ஆம் பிரிவு சொல்வதால், லாரி வெளியே போய் பட்டறையில் தட்டி நிமிர்த்தப்பட்டு மறுபடி லோடு ஏற்றப் போய்விடுகிறது. அதன் முகப்பில் பதிந்திருந்த சாட்சியமும் அதோடு போய்விடுகிறது.

ஒரே வழக்கில் இரண்டு சேதங்கள், ஒரு மோதல். அடிபட்டவரின் உடம்புக்கு மருத்துவர் வருகிறார். ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று தருகிறது, அந்தச் சதவீதத்தால் வருமானம் எவ்வளவு குறையும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி தீர்ப்பாயம் பிரித்துப் பார்க்கிறது. லாரியின் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வருகிறார். பம்பர், ரேடியேட்டர், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து மதிப்புப் போடுகிறார். இந்த இரண்டு சேதத்தையும் உண்டாக்கிய மோதலுக்கு மட்டும் நிபுணர் யாரும் வருவதில்லை. ஆனால் இழப்பீட்டுத் தொகை முழுதாகக் கிடைக்குமா, பாதியாகக் குறையுமா, ஒன்றுமில்லாமல் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மோதல்தான்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்குக் கோயம்புத்தூரில் நடந்த ஒரு வழக்கே போதும். 2017 ஜனவரி 7ஆம் தேதி, நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் கல்லூரி மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பேருந்து ஏறி, இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பாயம் கார் ஓட்டியவரை விட்டுவிட்டு, பேருந்துக்கு 80, மாணவருக்கு 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. உயர் நீதிமன்றம் காருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30 என்றது. 2025 ஜூலை 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று முடித்தது. சாட்சியம் மாறவில்லை, சதவீதம் இரண்டு முறை மாறியது. கார் ஓட்டுநரின் பங்கு பூஜ்யத்திலிருந்து பாதிக்கு ஏறியது. கடைசித் தீர்ப்பு நியாயமானதாகவே தோன்றுகிறது. நெடுஞ்சாலையின் நடுவில் எச்சரிக்கை இல்லாமல் நிறுத்துவது பெரும் தவறு என்பதை அது உறுதியாகச் சொன்னது. ஆனால் கார் எந்த வேகத்திலிருந்து நின்றது, பைக் எத்தனை மீட்டர் பின்னால் வந்தது, பேருந்து ஓட்டுநருக்கு எத்தனை வினாடி கிடைத்தது என்ற கணக்கு தொடக்கத்திலேயே பதிவாகியிருந்தால், பொறுப்பைப் பிரிக்க மூன்று நீதிமன்றங்களுக்கும் ஒரே தரவு கிடைத்திருக்கும். எட்டு வருஷம் ஒரு காலோடு காத்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மகஜரை மட்டும் வைத்து மோதலைத் தீர்மானிக்கக்கூடாது என்பது உச்ச நீதிமன்றமே சொன்னதுதான். காரும் பேருந்தும் நேருக்கு நேர் மோதிய ஒரு கேரள வழக்கில், வண்டிகள் நின்ற நிலையை மகஜரில் பார்த்து, இறந்த கார் ஓட்டுநர் மீதும் ஒரு பங்கு பழி விழுந்திருந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. மோதிய பிறகு வண்டிகள் எங்கே, எந்தத் திசையில் நிற்கும் என்பது வேகம், மோதலின் வலு, எந்த இடத்தில் எது இடித்தது என்று பலவற்றைப் பொறுத்தது. நின்ற இடத்தை மட்டும் வைத்து யார் தவறு என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். விபத்து ஆய்வு என்ற துறையின் முதல் பாடமும் இதுவே. அந்தப் 'பலவற்றை' அளந்து கணக்கிட ஒருவர் வேண்டும் என்ற அடுத்த படிக்கு மட்டும் நம் வழக்குமுறை இன்னும் ஏறவில்லை.

அப்படி ஒருவர் வந்தால் என்ன பார்ப்பார்?

முதலில் தடங்கள். உலர்ந்த தார் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு 30 மீட்டர் தேய்த்த தடம் ஒரு காருடையது என்றால், உராய்வை 0.7 என்று கொண்டால், தடம் தொடங்கிய இடத்தில் வேகம் மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர். லோடு லாரிக்கு உராய்வு 0.5 அளவில் இருக்குமானால், அதே 30 மீட்டர் தடம் சுமார் 62 கிலோமீட்டரைத்தான் காட்டும். தடம் நீளமாக இருக்கிறது, எனவே லாரி பறந்து வந்திருக்கிறது என்று மேலோட்டமாகச் சொல்வது எவ்வளவு பிசகும் என்பதற்காக இந்தக் கணக்கு. ஏ.பி.எஸ். உள்ள புதிய லாரிகளில் சக்கரம் பூட்டாது. தடம் மங்கலாகவே விழும். தடம் இல்லை, எனவே பிரேக்கே பிடிக்கவில்லை என்று எழுதுவதும் அதனால் தவறு. கரிசல் மண்ணில் இன்னொரு விஷயமும் உண்டு. மழையில் ஊறி உப்பி, வெயிலில் வெடித்துச் சுருங்கும் மண் அது. அதன் மேல் போட்ட சாலையின் விளிம்பு இறங்கி, தாருக்கும் ஓரத்து மண்ணுக்கும் ஒரு படி விழுந்துவிடும். திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்கும் கமுதிக்கும் போகும் இருவழிச் சாலைகளில் எதிரே வரும் டிப்பருக்கு ஒதுங்கி, ஒரு சக்கரத்தைக் கீழே இறக்கி, திரும்ப ஏற்றும்போது வண்டி பாய்ந்து குறுக்கே போய்விடும் விபத்துக்கு இந்தப் படியே காரணமாக இருக்கலாம். ஈர மண்ணில் டயர் பதிந்த அச்சு இருந்தால் அதைப் படித்துவிடலாம். ஒரு நாள் வெயிலும் பத்து வண்டிகளும் போதும், அந்த அச்சு மறைந்துவிட.

அடுத்து விளக்கு. லாரியின் பின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்பது இரவு விபத்துகளில் வழக்கின் உயிர்நாடி. எரிந்தது என்பார் ஓட்டுநர், எரியவில்லை என்பார் பின்னால் வந்தவர். இழை பல்பு என்றால் அதுவே சாட்சி சொல்லும். எரிந்துகொண்டிருக்கும்போது மோதல் நடந்தால் சூடான இழை இளகி, நீண்டு, கோணிப்போகும். அணைந்திருந்தால் முறியுமே தவிர இப்படி இழுபடாது. எரியும்போது கண்ணாடியும் உடைந்தால் காற்று பட்டு இழை கறுத்து, சுற்றிலும் தூள் படியும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். ஆனால் அந்த பல்பை முதல் நாளே கழற்றி உறையிலிட்டு வைத்தால்தான் உண்டு. எல்.இ.டி. விளக்குகளில் இழை கிடையாது என்பதால் இந்த வழியும் மெல்ல அடைபட்டு வருகிறது.

2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே நடந்தது தமிழ்நாட்டார் மறக்காத விபத்து. கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து, பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தனர். டயர் வெடித்ததால்தான் லாரி கட்டுப்பாட்டை இழந்தது என்பதே முதலில் வந்த செய்தி. இடத்தை ஆராய்ந்த கேரள மோட்டார் வாகனத் துறை அதிகாரிகள் வேறு மாதிரி சொன்னார்கள். லாரி முதலில் தடுப்பின் மேல் ஏறி ஓடியிருக்கிறது, டயர் சேதமானது அதற்குப் பிறகு, ஓட்டுநர் கண்ணயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. டயர் முதலில் வெடித்ததா, தடுப்பு முதலில் இடித்ததா என்ற வரிசைதான் இங்கே எல்லாமே. அந்த வரிசையைக் கண்ணால் கண்ட சாட்சி சொல்ல முடியாது. தடுப்பில் கிடந்த ரப்பர்க் கறையால்தான் சொல்ல முடியும்.

'பிரேக் பிடிக்கவில்லை' என்ற வாதமும் இப்படித்தான். தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் முன்னால் இருந்த வாகனங்களில் வரிசையாக மோதி உயிர்கள் போயின. நீண்ட இறக்கத்தில் நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் தடுக்காது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழுந்து டிரம் காய்ந்து பிடிப்பு போய்விடும். டிரம்மில் நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் கண்ணாடி போல மினுங்குகிறதா, காற்றழுத்தக் குழாய் முன்பே கசிந்ததா, மோதலில் அறுந்ததா என்று பிரித்துவிட்டால் தவறு ஓட்டுநருடையதா, பராமரிப்பைத் தட்டிக்கழித்த உரிமையாளருடையதா, அதிக லோடு ஏற்றியவருடையதா என்று தெரிந்துவிடும். கோளாறு என்று சொல்லித் தப்ப நினைக்கும் உரிமையாளர், தக்க கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று தாமே நிரூபிக்க வேண்டும் என்று 1977லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சோதிக்கும் கேள்விகளை எழுப்ப மனுதாரர் பக்கம் ஆள் இல்லை என்பதுதான் குறை.

கரிசல் காட்டின் நான்கு வழிச் சாலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஆபத்து நிறுத்திவைத்த லாரி. டீக்கடைக்கு எதிரே, பஞ்சர் கடைக்கு முன்னால், சில சமயம் பாதையிலேயே. இருட்டில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சிமென்ட் தூசி படிந்த ஒரு டிரெய்லர் நிற்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பைக் வினாடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. கண்ட கணத்திலிருந்து கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் 25 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 24 மீட்டர். ஆக 49 மீட்டர். எதிரே பெரு வெளிச்சம் அடிக்க, டிப்பில் வரும் பைக்காரருக்குத் தூசி படிந்த கறுத்த பின்கதவு அத்தனை தூரத்தில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது யாருடைய கவனக்குறைவு?

காவல் நிலையத்தில் பல சமயம் கிடைக்கும் விடை: நின்ற வண்டியில் போய் மோதியவருடையது. இறந்தவர் பெயரையே எதிரி என்று எழுதி, எதிரி இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இறுதி அறிக்கை போய்விடுகிறது. அந்தத் தாளோடு இழப்பீடு கேட்டு வரும் மனைவிக்கு முதல் நாளே கதவு பாதி மூடியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பலமுறை திறந்துவிட்டிருக்கிறது. சாலை நடுவே விளக்கின்றி நின்ற கேஸ் டேங்கரில் கார் மோதிய வழக்கில் 2018 பிப்ரவரியில் முழுப் பொறுப்பும் டேங்கருடையது என்றது. நெடுஞ்சாலையில் விட்டுச்செல்லப்பட்ட டிரெய்லர் மீது கார் மோதிய கர்நாடக வழக்கில் 2024 செப்டம்பரில் காரில் வந்தவர்கள் மேல் போட்ட பாதிப் பழியை நீக்கியது. மறுபக்கமும் உண்டு. முன்னால் ஓடிய லாரிக்குப் பத்துப் பதினைந்து அடி பின்னால் ஒட்டி வந்த கார் மோதியதில், லாரி மேல் தவறில்லை என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பானது. இந்த மூன்று தீர்ப்பும் சுற்றிச் சுற்றித் தொடுவது ஒரே கேள்வியைத்தான்: எத்தனை தூரத்தில் தெரிந்திருக்கும், நிற்க எத்தனை தூரம் தேவை? ஒரு நிபுணர் அதே மணி நேரத்தில், அதே இடத்தில், அதே போன்ற பைக்கின் விளக்கை வைத்துச் சோதித்துச் சொல்லக்கூடிய விடை இது. லாரியின் பின்னால் இருக்க வேண்டிய தடுப்புச் சட்டம் இருந்ததா, அது இந்தியத் தர நிர்ணயம் 14812 சொல்லும்படி பொருத்தப்பட்டிருந்ததா, அதனால்தான் பைக் சேஸிஸுக்கு அடியில் போனதா என்பதும் அதே ஆய்வில் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத சாட்சியங்களும் இன்று நிறைய. டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற வசதிகள் உள்ள லாரிகளின் இடமும் ஓட்டமும் நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடிகளை லாரி கடந்த நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும். இடைப்பட்ட சராசரி வேகமும் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக இறங்காமல் ஓட்டினார் என்பதும் அதில் ஒளிந்திருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்றது. தூக்கக் கலக்கத்தில் மோதிய ஓட்டுநரைத் தொடர்ந்து ஓடவைத்த முதலாளியின் பங்கை இந்தப் பதிவுகள் வெளியே கொண்டுவரும். குவாரி டிப்பர் என்றால் நடைச்சீட்டும் எடைமேடை ரசீதும் உண்டு. எத்தனை மணிக்கு, எத்தனை டன்னோடு கிளம்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதமும் அபராதம் என்று 194ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இழப்பீட்டு வழக்கில் பாரம் எவ்வளவு என்று கேட்பதே அரிது.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பார்கள். கோயம்புத்தூரிலேயே இருக்கிறார்கள். ஜேபி ரிசர்ச் இந்தியா நிறுவனம் 2011 முதல் வாகன நிறுவனங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து விபத்து இடங்களுக்கு நேரில் போய் அளந்து, மனிதர், வாகனம், சாலை என்று மூன்று பக்கக் காரணங்களையும் பிரித்து 'ராஸி' என்ற தரவுத் தொகுப்பை வளர்த்து வருகிறது. நாடு முழுவதும் காவல் துறை இன்று விபத்தைப் பதிவு செய்யும் ஐராட் செயலியை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி.; தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மதுரையில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. அறிவும் கருவியும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அவை வண்டி வடிவமைப்புக்கும் புள்ளிவிவரத்துக்கும் போகின்றன. அருப்புக்கோட்டைக் கோர்ட்டில் நிற்கிற மனுதாரருக்கு வந்து சேர்வதில்லை.

நிபுணரைக் கொண்டுவந்தால் ஏழைக்குத்தான் பாதகம் என்ற எதிர்வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. இழப்பீட்டு வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம், எது அதிகம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும் என்று 2009 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. விதவைகளையும் ஊனமுற்றவர்களையும் காப்பாற்றிய நெறி அது. நிபுணர் அறிக்கை இல்லாவிட்டால் மனு செல்லாது என்ற நிலை வந்தால் அந்த நெறி செத்துவிடும். அமெரிக்காவில் லாரி வழக்கு என்றால் இரு தரப்பும் தனித்தனி நிபுணரை அமர்த்துகின்றன. லாரியின் எஞ்சின் கணினியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி வக்கீல் கடிதம் சில நாட்களுக்குள் போய்விடுகிறது. நிபுணரின் முறை அறிவியலுக்குப் பொருந்துமா என்று நீதிபதி முதலில் சலித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1993இல் விதித்தது. பணம் உள்ளவருக்கு நல்ல ஏற்பாடு. இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் காப்பீட்டு நிறுவனம் நிபுணரோடு வரும், மகளின் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்த்தவர் வெறுங்கையோடு வருவார்.

ஜெர்மனியின் வழி நமக்கு நெருக்கம். அங்கே உரிமையியல் வழக்குகளில் நிபுணரை நீதிமன்றமே நியமிக்கிறது. அவர் யார் பக்கத்து ஆளும் இல்லை. இதற்காக நம் நாட்டில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 169ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விசாரணைக்குத் தேவையான பொருளில் தனி அறிவு உள்ள ஒருவரையோ சிலரையோ தீர்ப்பாயம் தானே துணைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் பிறந்த நாளிலிருந்து புத்தகத்தில் இருக்கும் வரி இது. பயன்படுத்திய தீர்ப்பாயங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாட்சியத்தை அன்றே பிடித்துவைக்கவும் விதி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி விசாரணை அதிகாரி உடனே இடத்துக்குப் போய், எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, அளவுகோலோடு தளப்படம் வரைந்து, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று 2022 டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தளப்படத்துக்கும் இயந்திர ஆய்வுக்கும் தனித்தனிப் படிவமே இருக்கிறது. படிவம் வந்தது, அதை நிரப்பும் சார்பு ஆய்வாளருக்குத் தடத்தை அளக்கும் பயிற்சியும், திருவிழாப் பந்தோபஸ்துக்கு நடுவே அதற்கான நேரமும் வந்து சேரவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில்தான் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176ஆம் பிரிவு. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்பதால் சாலை மரணம் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

இன்னொருவரின் பங்கு கணக்கிலேயே வருவதில்லை: சாலையைப் போட்டவர், பராமரிப்பவர். வளைவில் பார்வையை மறைக்கும் சீமைக்கருவேலப் புதர், அறிவிப்புப் பலகை இல்லாத கிராமப் பிரிவு, இடிந்து கிடக்கும் சாலை ஓரம். தரமற்ற வடிவமைப்பாலும் பராமரிப்பாலும் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 திருத்தத்தில் 198அ பிரிவு சேர்ந்தது. ஆனால் இழப்பீட்டு மனுக்களில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என்ற மூவரோடு எதிர்மனுதாரர் பட்டியல் முடிந்துவிடுகிறது. சாலையின் பங்கை அளந்து சொல்ல ஆள் வந்தால், எல்லாப் பழியையும் சுமக்கும் லாரி ஓட்டுநருக்கும் அது நீதிதான். அவரும் இதே காட்டுப் பிள்ளை.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வொரு காவல் உட்கோட்டத்துக்கும் விபத்து இடத்தை அளக்கப் பயின்ற ஒரு குழு வேண்டும். மரணமோ உறுப்பிழப்போ நேர்ந்த லாரி வழக்குகளிலாவது, பொறுப்பு யாருடையது என்பதில் தகராறு இருந்தால், தீர்ப்பாயம் 169ஆம் பிரிவில் நிபுணரை அழைக்க வேண்டும். அவர் சம்பளம் மனுதாரர் தலையில் விழாமல், போக்குவரத்து அபராதப் பணத்திலிருந்து வளரும் மாநிலச் சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்து வரலாம். அதுவரை வக்கீல்கள் செய்யக்கூடியதும் உண்டு. விபத்து நடந்த வாரத்திலேயே சுங்கச்சாவடிக்கும் பெட்ரோல் பங்குக்கும் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பலாம். லாரி உரிமையாளரிடம் ஜி.பி.எஸ். பதிவும் நடைச்சீட்டும் கேட்கலாம். வண்டியை விடுவிக்கும் முன் விளக்கையும் பிரேக்கையும் டயரையும் விரிவாகப் படம் எடுக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். இழப்பீட்டு மனுவுக்கு 2022 முதல் ஆறு மாதக் கெடு வந்து, அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. கேமராப் பதிவுக்கோ அத்தனை நாள் ஆயுள் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வக்கீலைப் பார்க்கப் போகலாம் என்று வீட்டார் காத்திருந்தால், அதற்குள் அந்தப் பதிவு அழிந்திருக்கலாம்.